கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவது எப்படி: வன்னிப் படங்களுக்கான முழுமையான வழிகாட்டி

இறந்துபோன ஒரு அம்மாவின் படத்தைக் கல்வெட்டில் (31ஆம் நாள் நினைவுப் புத்தகத்தில்) போடுவதற்காகக் கறுப்பு வெள்ளையாக்குகிறார்கள். அச்சாகி வந்தபின் பார்த்தால் நெற்றியில் பொட்டு இல்லை. யாரும் அழிக்கவில்லை. போன் செயலியில் சிவப்பு ஃபில்ட்டரைத் தட்டினார்கள், முகம் வெளிச்சமாகத் தெரிந்தது, அப்படியே அனுப்பிவிட்டார்கள். குங்குமத்தின் சிவப்பும் முகத்தோடு சேர்ந்து வெளுத்துப்போனது.

புதிதாகச் செய்பவர்களுக்கு வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். எந்த நிறம் எவ்வளவு கறுக்க வேண்டும் என்பதைச் செயலியிடம் விட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள ஒழுங்கு, அந்தத் தீர்மானத்தை உங்கள் கையில் வைத்திருப்பதற்கானது. படிகளை முன்பின்னாக மாற்றினால் செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

1. தொடங்க முன் வேண்டியவை

முதலாவது, மூலப் படம். வட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருக்கப்பட்ட படம். நிற விவரம்தான் அதில் முதலில் போயிருக்கும். இந்த வேலைக்கு வேண்டியதும் அதுதான். அனுப்புபவரிடம் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை, ஆனால் பிறகு எந்த மென்பொருளாலும் ஈடுசெய்ய முடியாதது.

இரண்டாவது, மென்பொருள். போனில் ஸ்னாப்சீட் போதும், பணம் தேவையில்லை. கணினியில் கிம்ப் இலவசம். லைட்ரூம் அல்லது போட்டோஷொப் இருந்தால் நிறங்களைத் தனித்தனியாகக் கையாள்வது சுலபம்.

மூன்றாவது, திரை. விறாந்தையில் பகல் வெளிச்சத்தில் இருந்து வேலை செய்தால் போன் திரை தானாகவே உச்ச வெளிச்சத்துக்குப் போகும். அதில் சரியாகத் தெரியும் படம் அச்சில் இருண்டு வரும். வீட்டுக்குள் இருங்கள். தானியங்கி வெளிச்சத்தை நிறுத்தி, பாதியளவில் வையுங்கள். கண்ணுக்கு இதமாகத் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் நிறுத்துங்கள்.

2. எடுக்கும்போது கலராகவே எடுங்கள்

கமராவிலேயே கறுப்பு வெள்ளை வைத்து ஜேபெக் மட்டும் எடுத்தால் நிற விவரம் அங்கேயே போய்விடும். பிறகு வானத்தை மட்டும் கறுப்பாக்கவோ, சேலைக் கரையை மட்டும் வெளுப்பாக்கவோ வழியில்லை.

கறுப்பு வெள்ளையாகப் பார்த்துக்கொண்டே எடுக்க விரும்பினால் ரோ (கமரா பதிந்த மூலத் தரவு), ஜேபெக் இரண்டையும் சேர்த்துப் பதியும்படி வையுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், ரோ கோப்பில் நிறம் முழுவதும் இருக்கும். 8 பிட் ஜேபெக்கில் ஒரு சனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒன்றுக்கு) 256 படிகள். 12 பிட் ரோவில் 4096, 14 பிட்டில் 16,384. வானம் போன்ற மிருதுவான பரப்பை இழுத்துக் கறுப்பாக்கும்போது கோடு கோடாகப் பிளக்காமல் இருப்பது இந்தப் படிகளால்தான்.

போனில் எடுப்பவர்கள் முகத்தை அழகாக்கும் வசதியை நிறுத்திவிட்டு எடுங்கள். அது தோலை மழுக்கி வெளுப்பாக்கும். நிறம் இருக்கும்வரை ஓரளவு மறைந்திருக்கும் அந்த மழுக்கல், கறுப்பு வெள்ளையில் மெழுகு பூசியதுபோலத் தெரியும்.

3. எது எதிலிருந்து பிரிய வேண்டும்?

ஸ்லைடரை (நிறத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) தொடுவதற்கு முன் படத்தைப் பார்த்து இதற்கு ஒரு வசனத்தில் பதில் சொல்லுங்கள். 'முகம் பின்னாலுள்ள மண்சுவரிலிருந்து பிரிய வேண்டும்.' 'பனைமரங்கள் வானத்திலிருந்து பிரிய வேண்டும்.' பதில் வரவில்லை என்றால் அந்தப் படம் கலரிலேயே இருக்கட்டும். பாதி பழுத்துப் பாதி பச்சையாக நிற்கும் நெல்வயலில் பார்க்க வேண்டியது நிறம்தான். அதை எடுத்துவிட்டால் வெறும் புல்வெளி.

மதிய வெயிலில் எடுத்த வெள்ளை வானத்துக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். வன்னியில் கோடையில் வானம் பெரும்பாலும் தூசியும் வெக்கையுமாக வெளிறிக் கிடக்கும். நிறமே இல்லாத இடத்தை எந்த நிற ஸ்லைடரும் அசைக்காது. மழை விட்ட மறுநாள் காலையில் இரணைமடுக் குளக்கட்டில் எடுத்த படத்தில் நீலம் இருக்கும், அதை வைத்து வேலை செய்யலாம்.

4. கலரில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலைகள்

வெண்சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது) முதலில். பின்னேர வெயிலில் முகம், மண், கிடுகு வேலி எல்லாம் ஒரே செம்மஞ்சளில் தோய்ந்திருக்கும். அப்படியே மாற்றினால் எல்லாம் ஒரே ஸ்லைடரில் மாட்டும். படத்தில் உள்ள வெள்ளை வேட்டியையோ வெள்ளைச் சட்டையையோ வைத்து வெண்சமநிலையைச் சரிசெய்தால் நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகும். பிறகு அவற்றைத் தனித்தனியாகப் பிடிக்கலாம்.

அடுத்தது நிற இரைச்சல். இருட்டில் எடுத்த படங்களில் சிவப்பு, நீலப் புள்ளிகள் சிதறியிருக்கும். சனல்களைக் கலக்கும்போது அவை கறுப்பு வெள்ளைப் பொட்டுகளாக மாறி நிலைத்துவிடும். அதனால் நிற இரைச்சலைக் குறைக்கும் வேலை மாற்றத்துக்கு முன்பே முடிய வேண்டும்.

வெட்டுவதும் நிமிர்த்துவதும் இந்தப் படியில்தான்.

5. மாற்றும் முறை: 'டிசச்சுரேட்' ஏன் போதாது

நிறச் செறிவைப் பூச்சியத்துக்கு இறக்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது ஏன் ஏமாற்றுகிறது என்பதை ஒரு சேலையில் பார்க்கலாம்.

சிவப்பு உடல், பச்சைக் கரை. 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற அளவில் உடலின் எண்கள் சிவப்பு 200, பச்சை 30, நீலம் 30 என்று வையுங்கள். கரை 20, 120, 40. வெளிச்சத்தைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படும் பெருக்கம் சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114. கணக்கிட்டால் உடல் 81, கரையும் 81. கலரில் கண்ணைப் பறித்த கரை கறுப்பு வெள்ளையில் இல்லை.

அதே சேலைக்குச் சிவப்பு 0.6, பச்சை 0.3, நீலம் 0.1 என்று கொடுத்தால் உடல் 132, கரை 52. கரை திரும்பி வந்துவிட்டது. மென்பொருளுக்கு மென்பொருள் எண் சற்று மாறும், ஆனால் நடப்பது இதுதான். இந்தப் பெருக்கத்தை நீங்கள் தீர்மானிக்கும் கருவியைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

கிம்ப்: கலர்ஸ் மெனுவில் கொம்பொனென்ட்ஸ், அதற்குள் மொனோ மிக்ஸர். மூன்று எண்களின் கூட்டுத்தொகை 1க்கு அருகில் இருக்கட்டும். கூடினால் வெள்ளை எரிந்துபோகும், குறைந்தால் படம் மொத்தமாக இருளும். தொடங்க முன் லேயரை (ஒன்றின்மேல் ஒன்றாக வரும் படப் படலத்தை) ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டோஷொப்: பிளாக் அன்ட் வைட் அட்ஜஸ்ட்மென்ட் லேயர். ஆறு நிறங்களுக்கு ஆறு ஸ்லைடர்கள். லேயராகப் போட்டால் நாளைக்கும் மாற்றலாம். மெனுவிலிருந்து நேரே போட்டுச் சேமித்தால் மாற்ற முடியாது.

லைட்ரூம்: கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் எட்டு நிறங்களுக்கு ஸ்லைடர்கள் வரும். செம்மஞ்சளுக்குத் தனி ஸ்லைடர் இருப்பதுதான் நமக்குப் பெரிய உதவி.

ஸ்னாப்சீட்: பிளாக் அன்ட் வைட் கருவிக்குள் நிற ஃபில்ட்டர் இருக்கிறது. நடுநிலை, சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம். ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள், ஆனால் 3ஆம் படியில் சொன்ன வசனத்தை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். 'எது வடிவாயிருக்கு' என்று பார்த்தால் எப்போதும் அதிகக் கொன்ட்ராஸ்ட் உள்ளதையே கை தெரிவுசெய்யும்.

6. நிறம் நிறமாக

இலையும் வயலும்: பச்சை ஸ்லைடரை எவ்வளவு இழுத்தும் வயல் அசையவில்லை என்பது அடிக்கடி வரும் முறைப்பாடு. கமரா பதியும் இலைப்பச்சையில் மஞ்சள் நிறைய இருக்கிறது. இளம் நெல், வாழை, புல் எல்லாம் மஞ்சள் ஸ்லைடருக்குத்தான் அசையும். பச்சை ஸ்லைடர் கரும்பச்சைக்கு மட்டும். மஞ்சளை +20 அளவில் உயர்த்தினால் வயல் ஒளிரும். +60க்குக் கொண்டுபோனால் பனி பெய்ததுபோல வெளுத்து, வன்னி வயல் வேறு நாட்டு வயலாகிவிடும்.

வானமும் குளமும்: நீலத்தையும் அதற்குப் பக்கத்திலுள்ள நீலப்பச்சையையும் சேர்த்து இறக்குங்கள். ஒன்றை மட்டும் இறக்கினால், மேலே கடும் நீலமும் அடியில் வெளிர் நீலமுமாக இருக்கும் வானம் நடுவில் பட்டையாகப் பிரியும்.

ஜேபெக்கில் −30, −40ஐத் தாண்டாதீர்கள். போனில் எடுக்கும் ஜேபெக்கில் வெளிச்ச விவரம் புள்ளிக்குப் புள்ளி இருக்கும், நிற விவரம் பொதுவாக நான்கு புள்ளிகளுக்கு ஒன்றுதான். நீலத்தைக் கடுமையாக இழுத்தால் அந்த நான்கு புள்ளிக் கட்டம் வெளியே தெரியும். பனையோலை வானத்தைத் தொடும் இடத்தில் வெள்ளை விளிம்பு வருவதும் இதனால்தான். பனை விளிம்பை 100 சதவீதத்துக்குப் பெருப்பித்துப் பார்க்காமல் இந்தப் படியை முடிக்காதீர்கள்.

நீலச் சனலில் இரைச்சலும் அதிகம். கமரா சென்சரில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. மஞ்சள் குமிழ் வெளிச்சத்தில் நீலத்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் இன்னும் குறைவு. கோயில் திருவிழாவில் இரவில் எடுத்த படத்துக்கு நீலத்தைக் கூட்டிக் கொடுத்தால் முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பொரியும்.

கிரவல் (செம்மண் சரளை) தூசி: வானத்தைக் கறுப்பாக்கியதும் இதுவரை தெரியாத வட்டப் பொட்டுகள் தெரியும். கோடையில் உள் வீதிகளில் லென்ஸ் மாற்றினால் சென்சரில் படியும் தூசி அது. அந்தப் பொட்டுகளை இந்தப் படியில் தேடி அகற்றுங்கள், முதலிலேயே தேடினால் பாதிதான் கண்ணில் படும்.

7. தோலும் செம்மண்ணும் ஒரே ஸ்லைடரில்

வெளியூர்ப் பாடங்களைப் பார்த்து வேலை செய்பவர்கள் வன்னிப் படங்களில் தடுமாறும் இடம் இது. அங்கே 'முகம் வெளிச்சமாக வேண்டுமா, செம்மஞ்சளை உயர்த்து' என்று முடித்துவிடுவார்கள். இங்கே மாநிறத் தோல், கிரவல் வீதி, மண்சுவர், செங்கல், காய்ந்த கிடுகு எல்லாமே செம்மஞ்சள்.

எண்ணில் பாருங்கள். வெளிச்சம் படும் கன்னம் 160, 110, 80. கிரவல் 175, 115, 80. 5ஆம் படியின் முதல் கணக்கில் கன்னம் 122, கிரவல் 129. ஒட்டுசுட்டான் பக்கத்து உள் வீதியில் சைக்கிளோடு நிற்கும் ஒருவரைச் சற்று மேலிருந்து எடுத்தால் முகம் வீதிக்குள் கரைந்துவிடும். செம்மஞ்சளை உயர்த்தினால் இரண்டும் சேர்ந்து உயரும், இறக்கினால் சேர்ந்து இறங்கும்.

தீர்வு இரண்டு. எடுக்கும்போதே என்றால், முழங்கால் போட்டுத் தாழ்ந்து எடுங்கள். முகத்துக்குப் பின்னால் வீதிக்குப் பதிலாக மரமோ வானமோ வரும், அவை வேறு ஸ்லைடருக்கு உரியவை. இதை விடச் சிறந்த தீர்வு கிடையாது.

எடுத்து முடிந்த படம் என்றால் மாஸ்க் (லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மறைப்பு) வேண்டும்; வெள்ளை பூசிய இடம் தெரியும், கறுப்பான இடம் மறையும். கிம்பில் இப்படிச் செய்யுங்கள். மூல லேயரை இரண்டு பிரதி எடுங்கள். கீழுள்ளதை முகத்துக்கு ஏற்றபடி மாற்றுங்கள், மண் எப்படிப் போனாலும் கவலையில்லை. மேலுள்ளதை மண்ணுக்கு ஏற்றபடி, அதாவது மண் ஒரு படி இருளும்படி மாற்றுங்கள். மேல் லேயருக்குக் கறுப்பு மாஸ்க் சேர்த்து, மிருதுவான தூரிகையால் மண் இருக்கும் இடத்தில் வெள்ளை பூசுங்கள். தூரிகையின் அடர்த்தி 30 சதவீதம் அளவில், இரண்டு மூன்று தடவையாக. 100 சதவீதத்தில் ஒரே தடவையாகப் பூசினால் தலையைச் சுற்றி வளையம் விழும்.

லைட்ரூமில் ஆளைத் தெரிவுசெய்யும் மாஸ்க்கைப் போட்டு அதன் வெளிச்சத்தை உயர்த்தலாம். ஸ்னாப்சீட்டில் செலெக்டிவ் கருவியால் முகத்தில் ஒரு புள்ளி வைத்து, இரு விரலால் அதன் வட்டத்தைச் சுருக்கிக்கொண்டு உயர்த்துங்கள். வட்டம் தோளைத் தாண்டக்கூடாது.

8. பொட்டும் திருநீறும்

குங்குமம் 150, 25, 35 என்று வையுங்கள். கன்னம் 160, 110, 80. சிவப்புச் சனலில் 160க்கும் 150க்கும் இடைவெளி 10 மட்டும். பச்சைச் சனலில் 110க்கும் 25க்கும் 85. சிவப்பு ஃபில்ட்டர் போட்டால் பொட்டு ஏன் மறைகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சுமங்கலியாகப் போன ஒருவரின் படத்தில் பொட்டு இல்லாமல் போவது வீட்டாருக்கு எவ்வளவு வலிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே முகப் படங்களுக்கு ஸ்னாப்சீட்டில் நடுநிலை அல்லது பச்சை ஃபில்ட்டர். லைட்ரூமில் சிவப்பை −25 அளவுக்கு இறக்கி, செம்மஞ்சளை +10க்கு உயர்த்துங்கள். பொட்டு கறுத்து நிற்கும், முகம் இருளாது. சிவப்பை இன்னும் இறக்கினால் உதடும் கண்ணின் ஓரமும் கறுத்து நோயாளி முகமாகும்.

திருநீறு எதிர்ப்பக்கம். அது வெள்ளை, எந்த ஸ்லைடருக்கும் அசையாது. தோலை வெளுப்பாக்க வெளுப்பாக்க மூன்று குறியும் தோலோடு கலந்துவிடும். திருநீறு தெளிவாக இருக்க வேண்டுமானால் நெற்றி இருக்க வேண்டிய நிறத்திலேயே இருக்க வேண்டும்.

9. கறுப்பையும் வெள்ளையையும் நிறுத்துதல்

மாற்றிய உடனே படம் சாம்பலாகத்தான் தெரியும். ஹிஸ்டோகிராமை (கறுப்பு முதல் வெள்ளை வரை எது எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை) பார்த்துக்கொண்டு, மிகக் கறுத்த இடம் கறுப்பைத் தொடும்வரை லெவல்ஸில் இடது முனையை நகர்த்துங்கள். பிறகு வலது முனை. வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறையத் தொடங்கும் இடம்தான் எல்லை, அங்கிருந்து சற்றுப் பின்வாங்குங்கள். முனைகளுக்குப் பிறகுதான் கர்வ் (இடையிலுள்ள அளவுகளை வளைத்து மாற்றும் கோடு). முனைகள் சரியில்லாமல் கர்வை வளைத்தால் நடுச்சாம்பல் மட்டும் கடுமையாகி, கறுப்பும் வெள்ளையும் வராமலே போகும்.

முகத்தின் அளவைப் பற்றி ஒன்று. பல பாடங்களில் முகத்தை நடுச்சாம்பலுக்கு மேலே ஒரு படி வைக்கச் சொல்வார்கள். அது வெள்ளைத்தோலை வைத்து வகுத்த அளவு. நம் முகங்களுக்கு வெளிச்சம் படும் கன்னம் 110 முதல் 150 வரை இருந்தால் அந்த ஆள் அந்த ஆளாகவே தெரிவார். வெளுப்பாக்கித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. வெளுப்பாக்கினால் கண், மூக்கு, தாடை எல்லாவற்றையும் வரையும் நிழல்கள் போய்விடும் என்பதை இரண்டு பிரதி எடுத்து அருகருகே காட்டுங்கள்.

10. கையால் இருட்டுவதும் வெளிச்சமாக்குவதும்

டொட்ஜ் (வெளிச்சமாக்குவது), பேர்ன் (இருட்டுவது) கருவிகள் ஸ்னாப்சீட்டின் பிரஷ்ஷுக்குள்ளும் இருக்கின்றன. 5 முதல் 10 சதவீதம் போதும். கண்ணைச் சற்று வெளிச்சமாக்கி, படத்தின் ஓரங்களை ஒரு படி இருட்டினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. கண்ணின் வெள்ளை பல்லின் வெள்ளையை விட வெளுத்தால் கூடிவிட்டது என்று பொருள்.

கூர்மையாக்குவது அளவைச் சுருக்கிய பிறகு, கடைசியாக. கிரெயின் (பழைய பிலிம் படத்தின் மணிமணியான தோற்றம்) சேர்க்காமலும் விடலாம். வட்ஸ்அப்பில் அனுப்பப்போகும் படத்துக்குச் சேர்க்கவே வேண்டாம், சுருக்கத்தில் அது சேறாகும்.

11. சேமித்தலும் அச்சும்

லேயரோடு ஒரு கோப்பு, அனுப்புவதற்கு ஒரு ஜேபெக், தொடாத கலர் மூலம். மூன்றுக்கும் வேறு வேறு பெயர் கொடுங்கள். மூலத்தின் மேலேயே சேமித்துவிடுவது மீட்க முடியாத பிழை.

ஸ்டூடியோவில் கலர்த் தாளில் அச்சிடக் கொடுப்பதானால் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) முறையிலேயே, எஸ்ஆர்ஜிபி எனும் பொதுவான நிறவெளியில் கொடுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 8×12 அங்குலத்துக்கு 2400×3600 புள்ளிகள். கலர்த் தாளில் கறுப்பு வெள்ளை அச்சிட்டால் பச்சையோ ஊதாவோ சற்று ஏறுவது வழக்கம். அதனால் முதலில் சிறிய அளவில் ஒன்று எடுத்து, கடையின் குமிழ் வெளிச்சத்தை விட்டு வெளியே நிழலில் வைத்துப் பாருங்கள்.

31ஆம் நாள் கல்வெட்டுக்கும் கண்ணீர் அஞ்சலித் துண்டுக்கும் கொடுக்கும் படம் வேறு கதை. சாதாரணத் தாளில் மை பரவும், போட்டோகொப்பி இயந்திரம் நடுச்சாம்பலைத் தாங்காது. நிழல்கள் அடைத்துக்கொள்ளும். இதற்குத் தனிப் பிரதி எடுத்து, மிகக் கறுத்த இடத்தை 20க்கும், மிக வெளுத்த இடத்தை 240க்கும் நிறுத்தி, நடுப்பகுதியைச் சற்று உயர்த்துங்கள். திரையில் இது மங்கலாகத் தெரியும், அச்சில் சரியாகும். தலைமயிர் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்று ஒரு தாள் எடுத்துப் பார்த்த பிறகே மிச்சத்தை ஓட்டச் சொல்லுங்கள்.

திருமணக் கூட்டப் படத்திலிருந்து ஒரு முகத்தை வெட்டி எடுப்பதானால் பின்னணியை நடுச்சாம்பலாக வையுங்கள். தூய வெள்ளைப் பின்னணியில் வெட்டிய விளிம்பு கத்தரியால் வெட்டியதுபோல நிற்கும், நரைத்த தலையானால் தலையே காணாமற் போகும்.

12. மங்கிப்போன பழைய கலர்ப் படங்கள்

பொலித்தீனில் சுற்றி இடத்துக்கு இடம் காவிக் காப்பாற்றிய படங்கள் பல வீடுகளில் இருக்கின்றன. சிவந்து மங்கிப்போன அவற்றைக் கறுப்பு வெள்ளையில் பெரும்பாலும் மீட்கலாம்.

சட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடேயே ஸ்கான் செய்யுங்கள்.

ஸ்கானரைக் கலரில், 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள். கறுப்பு வெள்ளையில் ஸ்கான் செய்தால் சனல் தெரிவு கைவிட்டுப் போகும். பிறகு கிம்பின் டீகொம்போஸ் மூலம் மூன்று சனலையும் தனித்தனியாகப் பாருங்கள். சிவந்த படத்தில் நீலப்பச்சைச் சாயம் மங்கியிருக்கும், அதனால் சிவப்புச் சனல் வெறுமையாக இருக்கும். மஞ்சள் கறைகள் நீலச் சனலில் கறுப்பாக விழும். முகம் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பச்சைச் சனலில். அதை மட்டும் எடுத்து, 9ஆம் படியில் சொன்னபடி முனைகளை நிறுத்துங்கள்.

சிவப்பு அவ்வளவாக மங்காமல், கறைதான் பிரச்சினை என்றால் சிவப்பில் பாதி, பச்சையில் பாதி கலந்து, நீலத்தைப் பூச்சியமாக விடுங்கள். கறை பெருமளவு மறையும். மிஞ்சும் பொட்டுகளை ஹீல் கருவியால் ஒவ்வொன்றாக எடுக்கலாம், ஆனால் கண்ணுக்குள்ளும் உதட்டிலும் அந்தக் கருவியை வைக்காதீர்கள். அது பக்கத்துத் தோலைக் கொண்டுவந்து நிரப்பும், வேறொருவரின் கண் வந்துவிடும்.